ரீல் வேகத்தில் தடுமாறும் குரோமாட்டிக்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் காணல்

மவுத் ஆர்கனில் மெல்லிசைப் பாடல்களை ஓரளவு நன்றாகவே வாசிக்கும் ஒருவர், அயர்லாந்து ரீல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அரை வேகத்தில் பிசகின்றி வாசித்துவிட்டு, முழு வேகத்துக்கு வந்ததும் எல்லாம் குழம்பிப்போவதைக் கண்டு, "எனக்கு வேகம் கைவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் நான்கைந்து பேரிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி முடிவு கட்டியவன்தான். ஆனால் மெதுவாக வாசிக்கும்போது காதுக்கு எட்டாமல் ஒளிந்திருந்த ஏதோ ஒரு பிழைதான் வேகத்தில் வெளியே வருகிறது என்பதும், அது எந்தப் பிழை என்பதை அதன் ஓசையைக் கொண்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் பின்னர் தெரிந்தன. கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு பகுதிகளைப் படித்துவிட்டு, உங்களுக்கு உள்ள அறிகுறிக்கு நேரே செல்லலாம்.

எந்த வேகம், எந்தத் துளை

ரீல் என்பது இரண்டு பெரிய அடிகள் கொண்ட தாளக்கட்டில், அடிக்கு நான்கு ஸ்வரங்களாக ஓடும் நடன இசை. நம் காதுக்குத் தகதிமி தகஜொணு என்று சொன்னால் போதும். பெரும்பாலான ரீல்களில் எட்டுத் தாளக்கட்டுகள் கொண்ட முதற்பகுதி இருமுறையும், அதே நீளமுள்ள இரண்டாம் பகுதி இருமுறையுமாக, ஒரு சுற்றுக்கு 32 தாளக்கட்டுகள் வரும். நிமிடத்துக்கு 110 பெரிய அடிகள் என்ற வேகத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 35 விநாடிகளில் முடிந்துவிடும். விநாடிக்கு ஏழு ஸ்வரங்களுக்கு மேல் வாசிக்க வேண்டியிருக்கும். அந்த ஏழில் ஒவ்வொன்றுக்கும் எந்தத் துளை, ஊதலா இழுப்பா, ஸ்லைடு (பொத்தானால் நகரும் தகடு) உள்ளேயா வெளியேயா என்ற மூன்று முடிவுகள் உள்ளன. இவற்றுள் ஒன்று மட்டும் பிந்தினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 12 துளைகள் கொண்ட, சி சுருதிக் குரோமாட்டிக், அதாவது அரைச் சுரங்கள் அனைத்தையும் தரும் மவுத் ஆர்கனைப் பற்றியது. அதில் நான்கு நான்கு துளைகளாக ஒரே அமைப்பு மூன்று ஸ்தாயிகளில் திரும்ப வருகிறது. ஊதினால் சி, இ, ஜி, சி; இழுத்தால் டி, எஃப், ஏ, பி. வலது பக்கப் பொத்தானை அழுத்தினால் எல்லா ஸ்வரங்களும் அரைச் சுரம் உயரும். ரீல்களில் மிகுதியாக வரும் டி மேஜருக்கு எஃப் ஷார்ப், சி ஷார்ப் ஆகிய இரண்டு ஸ்வரங்களுக்கு மட்டும் ஸ்லைடு வேண்டும். டி-யைச் சட்ஜமாகக் கொண்டு பார்த்தால் இது சங்கராபரணமே. எஃப் ஷார்ப் அந்தர காந்தாரம், சி ஷார்ப் காகலி நிஷாதம். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்த நோட்டுஸ்வரங்களைச் சிறுவயதில் பாடியவர்களுக்குக் கமகமில்லாத இந்த நேர்ஸ்வரச் சங்கராபரணம் ஏற்கெனவே காதில் இருக்கும். இ, ஏ ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்ட ரீல்கள் பல கரகரப்பிரியாவின் ஸ்வரங்களில் அமைந்தவை. ஸ்வரப் பெயர்களை இங்கே தொடர்ந்து பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு: தவறாக ஒலிக்கும் ஸ்வரத்துக்குப் பெயர் சொல்லத் தெரிந்தால் பாதிப் பிழை அங்கேயே அகப்பட்டுவிடும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

தடுமாறும் இடத்தைக் கண்டதும் பாடல் முழுவதையும் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அந்த இடத்திலுள்ள ஸ்வரத்தைத் தனியாக எடுத்து, மென்மையான மூச்சில் பத்து முறை வாசியுங்கள். பத்தில் இரண்டு மூன்று முறை அது பிந்தினாலோ கம்மினாலோ குற்றம் கருவியில் இருக்கலாம். தனியாக நன்றாக வந்தால், அதற்கு முந்தைய ஸ்வரத்தையும் சேர்த்து இரண்டை மட்டும் முழு வேகத்தில் வாசியுங்கள். இங்கே பிசகினால் அது மாற்றத்தின் பிழை. விரல், வாய், மூச்சு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று முந்துகிறது அல்லது பிந்துகிறது. இரண்டும் சேர்ந்து நன்றாக வந்தும் பாடலுக்குள் மட்டும் பிசகினால், மூச்சு நிர்வாகத்தையோ நினைவையோ சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மூன்று நிமிடங்கள்கூட ஆகாது. இதைச் செய்யாமல் மூன்று வாரங்களை நான் வீணாக்கிய கதை பின்னால் வருகிறது.

அறிகுறி: அந்தர காந்தாரத்துக்கு அருகில் சாதாரண காந்தாரம் எட்டிப் பார்க்கிறது

டி மேஜர் ரீல்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இது. இ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்குப் போகும்போது நடுவில் ஒரு சிறு எஃப், அதாவது சாதாரண காந்தாரம், கேட்கும். அரை வேகத்தில் அது ஏதோ அழகுக்காகச் சேர்த்த உரசல்போல் இருந்துவிடும். வேகத்திலோ ஸ்வரமே அழுக்காகிவிடும். விரல் பிந்துகிறது என்றே எல்லோரும் எண்ணுவோம். ஆனால் இந்த இடத்தில் விரல் முந்தினாலும் இதே எஃப்தான் கேட்கும். இ என்பது இரண்டாம் துளையின் ஊதல். ஊதிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடை அழுத்திவிட்டால் அது எஃப் ஆகிவிடுகிறது. எஃப் ஷார்ப் என்பது அதே துளையின் இழுப்புடன் ஸ்லைடு. இழுக்கத் தொடங்கியும் ஸ்லைடு உள்ளே போகாவிட்டால் அதுவும் எஃப். நேர்மாறான இரண்டு பிழைகளுக்கு ஓசை ஒன்றே. பி-யிலிருந்து சி ஷார்ப்புக்குப் போகும்போதும் இதே நிலைதான். அங்கே முந்தினாலும் பிந்தினாலும் கைசிகி நிஷாதமாகிய சி கேட்கும்.

எது நடக்கிறது என்று அறிய, வேண்டுமென்றே ஒரு பக்கமாகப் பிழை செய்து பாருங்கள். மிதமான வேகத்தில் இ, எஃப் ஷார்ப் இரண்டை மட்டும் மாற்றி மாற்றி வாசித்தபடி, ஸ்லைடைச் சற்று முன்னதாகவே அழுத்த முயலுங்கள். அந்நிய எஃப் குறைந்தாலோ மறைந்தாலோ நீங்கள் இதுவரை பிந்திக்கொண்டிருந்தீர்கள். அது இன்னும் நீண்டால் முந்திக்கொண்டிருந்தீர்கள். பிந்துகிற விரலுக்குப் பயிற்சி தேவை. முந்துகிற விரலுக்குத் தேவை பெரும்பாலும் நிதானம்தான். அடுத்து வரப்போகும் ஸ்வரத்தின் அச்சத்தில் அது பொத்தானை முன்கூட்டியே அழுத்தி வைத்துக்கொள்கிறது.

வேறு இடங்களில் பிழைக்குப் பிழை ஓசை வேறுபடும் என்பதால் கண்டுபிடிப்பது எளிது. எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு ஏறும்போது பிரதி மத்தியமம் கேட்டால், அதாவது ஜி-க்கு முன் ஒரு ஜி ஷார்ப் கேட்டால், ஸ்லைடு வெளிவரப் பிந்துகிறது; சாதாரண காந்தாரம் கேட்டால் முந்துகிறது. சி ஷார்ப்பிலிருந்து டி-க்குப் போகும்போது டி ஷார்ப், அதாவது சுத்த ரிஷபம், கேட்டால் விடுவிப்பதில் தாமதம். சி கேட்டால் அவசரம். எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ-க்குத் தாவும்போது ஏ ஷார்ப் கேட்டாலும் அதே தாமதம்தான்.

அழுத்தும்போது எல்லாம் சரியாக இருந்து, விடுவிக்கும்போது மட்டும் எப்போதும் பிந்தினால், விரலைக் குறை சொல்வதற்கு முன் ஸ்லைடைப் பாருங்கள். அழுத்துவது விரலின் வேலை. திரும்ப வெளியே தள்ளுவது சுருள்கம்பியின் வேலை. உமிழ்நீர் உலர்ந்து ஸ்லைடில் படிந்திருந்தால் விரலின் பலத்துக்கு அது பெரிய தடையாக இராது. சுருள்கம்பிக்கோ அது தடையாகிவிடும். நான் வீணாக்கிய மூன்று வாரங்கள் இதில்தான் போயின. ஜி-க்கு முன் ஜி ஷார்ப் கேட்டுக்கொண்டே இருந்ததால் விரலுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுத்தேன். உண்மையில் காலை ஃபில்டர் காபியின் சர்க்கரை ஸ்லைடில் பசைபோல் ஒட்டியிருந்தது.

விரல்தான் காரணம் என்று உறுதியானால் இப்படிச் செய்யலாம். மூச்சு ஊதலிலிருந்து இழுப்புக்குத் திரும்பும் கணத்தில் ஓசையற்ற ஒரு மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஸ்லைடு அந்த இடைவெளிக்குள் நகர்ந்து முடிந்துவிட வேண்டும். கருவியை வாயில் வைத்து, ஓசை எழாத அளவுக்கு மெல்லிய மூச்சை மட்டும் உள்ளும் வெளியும் விட்டபடி, மூச்சு திரும்பும் கணத்தில் பொத்தானை அழுத்திப் பழகுங்கள். ஏ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு வருவதுபோல் இரண்டும் இழுப்பாக இருக்கும் இடங்களில் அந்த இடைவெளி இயல்பாக இருக்காது. அங்கே நாக்கால் "து" என்று ஒரு நொடிப்பு கொடுத்து இடைவெளியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பொத்தானில் விரல் நுனி எப்போதும் படிந்தே இருக்கட்டும். விரலைத் தூக்கித் தட்டுபவர்களுக்குத் தட்டும் ஓசையும் தாமதமும் சேர்ந்தே வரும்.

அறிகுறி: இரண்டாம் பகுதிக்குள் மூச்சு முட்டுகிறது

பெரும்பாலும் மூச்சு போதாமல் இல்லை. அளவுக்கு மீறி நிறைந்துவிடுகிறது. டி மேஜரில் டி, எஃப் ஷார்ப், ஏ, பி ஆகிய நான்கும் இழுப்பு. இ, ஜி, சி ஷார்ப் ஆகிய மூன்று மட்டுமே ஊதல். பாடல் அடிக்கடி வந்து நிற்கும் டி, எஃப் ஷார்ப், ஏ மூன்றுமே இழுப்பாக இருப்பதால், ஒவ்வொரு தாளக்கட்டிலும் வெளியே போவதைவிடச் சற்று மிகுதியான காற்று உள்ளே சேர்கிறது. பதினாறு தாளக்கட்டுகளுக்குப் பிறகு நுரையீரலில் இடமில்லை. அந்த நிலையில் இன்னும் ஆழமாக மூச்சிழுக்க முயல்வது நிலைமையை மோசமாக்கும்.

சோதனை எளிது. முட்டும் இடத்தில் வாசிப்பை நிறுத்துங்கள். உடல் தானாக மூச்சை வெளியே விட்டால் நிறைந்திருந்தது என்று பொருள். உள்ளே இழுத்தால் தீர்ந்திருந்தது என்று பொருள். நிறைந்திருந்தால் ஊதல் ஸ்வரங்களில் மூக்கு வழியாகவும் சிறிது காற்றைக் கசிய விடப் பழகலாம். அதைவிட நல்ல வழி, பாடலில் ஓரிரு இடங்களில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அங்கே மூச்சை வெளியேற்றுவது. அயர்லாந்தின் புல்லாங்குழல்காரர்கள் மூச்சுக்காக ஸ்வரங்களை விடுவது அந்த இசையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். நம்மவர்கள் ஸ்வரத்தை விடுவதைப் பாவம்போல் கருதுகிறார்கள். சரளி வரிசையில் எதையும் விடக்கூடாது என்று வளர்ந்ததன் விளைவாக இருக்கலாம். விடும் ஸ்வரம் பெரிய அடியின் மேல் விழாததாகவும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வராததாகவும் இருந்தால் கேட்பவர் அதைத் தாளத்தின் அழகாகவே எடுத்துக்கொள்வார்.

மூச்சின் அளவையும் இதோடு பார்க்க வேண்டும். வேகம் கூடக் கூட நாம் அறியாமலே பலமாக ஊதுகிறோம். உரக்க ஒலிக்கும் ரீடு (துளைக்குள் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு) மூச்சு திரும்பும்போது அடங்குவதற்குள் அடுத்தது ஒலிக்க வேண்டியிருக்கிறது. ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பக்கத்து அறையில் உறங்குபவர் விழிக்காத அளவுக்கு வாசித்துப் பழகுங்கள்.

அறிகுறி: கீழ் டி ஒலிக்கவே பிந்துகிறது

முதல் துளையின் ரீடு நீளமானது. அது அசைந்து ஒலிக்கத் தொடங்க மேல் ரீடுகளைவிட நேரம் பிடிக்கும். கீழ் டி-க்கும் ஏ-க்கும் மாறி மாறித் தாவும் ரீல்களில் இது உடனே தெரியும். வலுவாக இழுத்தால் சரியாகும் என்று தோன்றும். ஆனால் வலுவாக இழுத்தால் ரீடு திணறும், சுருதியும் இறங்கும். தொண்டையைத் தளர்த்தி, தாடையைச் சற்று இறக்கி, மென்மையாகத் தொடங்குவதே வழி.

அதுவும் போதாவிட்டால் பாடல் முழுவதையும் ஒரு ஸ்தாயி உயர்த்தி ஐந்தாம் துளையிலிருந்து வாசியுங்கள். ரீல்களின் வழக்கமான எல்லை கீழ் டி-யிலிருந்து மேல் பி வரை. ஒரு ஸ்தாயி உயர்த்தினால் அது ஐந்தாம் துளை இழுப்பிலிருந்து பன்னிரண்டாம் துளை இழுப்பு வரை சரியாக அடங்கிவிடும். டி சுருதித் தகரக் குழல் (டின் விசில்) ஒலிக்கும் உயரமும் அதுவே. காதுக்குச் சற்றுக் கூர்மையாக இருக்கும். இருந்தாலும் அந்த ரீடுகள் சிறியவை, தொட்டவுடன் பேசும். ரீடுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்தும் பதிலை விரைவாக்கலாம். ஆனால் குறைத்த ரீடு பலமான மூச்சில் அடைத்துக்கொள்ளும். மென்மையாக வாசிக்கும் பழக்கம் வரும்வரை இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இடறல்

பாடலில் சி அல்லது சி ஷார்ப் வரும் இடமா என்று பாருங்கள். நான்காம் துளை ஊதலும் ஐந்தாம் துளை ஊதலும் ஒரே சி. வாய்க்கு எதைத் தேர்வது என்று ஒவ்வொரு முறையும் கணநேரக் குழப்பம். பி-யிலிருந்து வந்து பி-க்கே திரும்பினால் நான்காம் துளை. டி-க்கு மேலே போவதானால் ஐந்தாம் துளை என்று ஒருமுறை முடிவு செய்து, தாளில் எழுதி வைத்து, பிறகு மாற்றாதீர்கள்.

ஜி மேஜரிலும் ஏ-யை ஆதாரமாகக் கொண்ட கரகரப்பிரியா ரீல்களிலும் வரும் சி-க்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: நான்காம் துளையை இழுத்தபடி ஸ்லைடை அழுத்துவது. அப்போது ஏ, பி, சி, டி நான்கும் இழுப்பாகவே போகும். மூச்சு ஒருமுறைகூடத் திரும்ப வேண்டியதில்லை. பி, சி, பி என்ற அசைவு விரலின் ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். குரோமாட்டிக்கைக் கையில் எடுத்ததற்கே பலன் கிடைத்தது என்று நான் உணர்ந்த இடம் இது. இதை அறியாமல் இரண்டு ஆண்டுகள் ஊதி இழுத்து ஊதிக்கொண்டிருந்தேன்.

அறிகுறி: ஸ்வரங்கள் எல்லாம் வருகின்றன, ஆனால் ரீலாக ஒலிக்கவில்லை

ஆரோவில்லில் சில மாதங்கள் தங்கியிருந்த அயர்லாந்துப் பிடில்காரர் ஒருவர் எங்கள் மாடிக்கு ஒருமுறை வந்தார். நாங்கள் வாசித்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்வரம் எதிலும் குறை சொல்லாமல், கால் மட்டும் ஆடவில்லை என்பதைத் தம் காலைக் காட்டிச் சிரித்தார். எங்கள் எட்டு ஸ்வரங்களும் சரளி வரிசைபோல் சம அளவில், சம அழுத்தத்தில் விழுந்துகொண்டிருந்தன. ரீலில் இரண்டிரண்டாக வரும் ஸ்வரங்களில் முதலாவது இம்மி அளவு நீளும். அதை மிகைப்படுத்தினால் திஸ்ர நடைபோலாகிக் குதிரை ஓட்டமாகிவிடும். வேகம் கூடும்போது இந்த ஏற்றத்தாழ்வு தானாகக் குறைந்து ஏறக்குறைய சமமாகும் என்பதால், மெதுவாகப் பழகும்போதே அதைக் காதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிடிலுடன் சேர்த்துக் குரோமாட்டிக்கில் ரீல் வாசித்த எடி கிளார்க்கின் ஒலிப்பதிவுகளைக் கேட்பது இதற்கு நல்ல பயிற்சி.

மவுத் ஆர்கனுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மூச்சு திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் நாம் விரும்பாமலே ஓர் அழுத்தம் விழுகிறது. மூச்சு திரும்பாத இடத்தில் இரண்டு ஸ்வரங்கள் இழைந்துவிடுகின்றன. டி மேஜர் ஆரோகணத்தில் இழுப்பு, ஊதல், இழுப்பு, ஊதல் என்று தெளிவாக வந்து, ஏ, பி இரண்டும் இழுப்பாகச் சேர்ந்து, மீண்டும் ஊதல், இழுப்பு என்று போகிறது. தாளத்தின் அழுத்தத்தை இந்தத் துளை அமைப்பு தீர்மானிக்க விட்டுவிட்டால் பாடல் நொண்டும். எனவே கருவியை வைத்துவிட்டு, பாடலைத் தகதிமி தகஜொணு என்ற சொற்கட்டில் வாயால் சொல்லி, "த" விழும் இடங்களில் மட்டும் அழுத்தம் கொடுத்துப் பழகிவிட்டு, பிறகு கருவியில் அதே இடங்களில் நாக்கைப் பயன்படுத்துங்கள். நம் பிள்ளைகள் கொன்னக்கோலில் பெற்ற தேர்ச்சிக்கு இங்கே நேரடிப் பயன் உண்டு.

வேகத்தைக் கூட்டுவதில் நம் காலப் பயிற்சியை அப்படியே கொண்டுவருவதில் எனக்குச் சற்றுத் தயக்கம். 55 அடியில் முதற்காலமும் 110-இல் இரண்டாம் காலமுமாக வாசிப்பது சோதனையாக நல்லது. பிழை எங்கே என்று உடனே காட்டிவிடும். பயிற்சிக்கு நான் நம்புவது, முழு வேகத்தில் நான்கு ஸ்வரங்களை மட்டும் வாசித்து ஐந்தாவதில் நின்றுவிடும் முறை. நின்றபின் வாய், விரல், மூச்சு மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, அந்த ஐந்தாவதிலிருந்து அடுத்த நான்கு. மெதுவான வேகத்தில் வாய் நகரும் விதமும் முழு வேகத்தில் நகரும் விதமும் ஒன்றல்ல என்பதால், சிறிய துண்டுகளிலாவது உண்மையான வேகத்தைத் தொட்டுப் பழக வேண்டியிருக்கிறது.

அறிகுறி: படபடப்பு, ஒட்டல், காற்றுக் கசிவு

கருவியைப் பற்றியவை இவை. ஒரு ஸ்வரம் "பட்" என்ற ஒலியோடு தாமதமாகத் திறந்தால் அதன் வால்வு (ரீடின் இடுக்கை மூடும் மெல்லிய இலை) ஈரத்தில் தகட்டோடு ஒட்டியிருக்கிறது. வாயிலிருந்து போகும் சூடான, ஈரமான காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டால்தான் ஈரம் படியும். அக்னி நட்சத்திர நாட்களில் புதுச்சேரி மாடியில் இந்தத் தொல்லை அறவே இருக்காது. அதே கருவியை ஏசி அறைக்குள் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் தொடங்கிவிடும். அங்கே வாசிப்பதற்கு முன் உள்ளங்கைகளுக்கிடையிலோ சட்டைப் பையிலோ பத்து நிமிடம் வைத்துக் கருவியை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. காற்றறைகளைப் பிரிக்கும் நடுக்கட்டை மரத்தாலான கருவிகளில் அது ஈரத்தை ஏற்று உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கும். ஆண்டுதோறும் இப்படி உப்பியும் சுருங்கியும் வந்தால் இடுக்குகள் விழுந்து, கீழ் ஸ்வரங்களுக்கு மட்டும் மூச்சு மிகுதியாகச் செலவாகும். கடலூர், புதுச்சேரி வாசிகள் புதிதாக வாங்குவதானால் பிளாஸ்டிக் நடுக்கட்டை உள்ளதை வாங்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து. மரத்தின் ஒலி இனிமை என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. மாலையில் வாகனங்கள் நிறுத்தப்பட்டபின் கடற்கரைச் சாலையில் அமர்ந்து வாசிப்பது இன்பமானதுதான். ஆனால் உப்புக்காற்று பித்தளை ரீடுகளைக் கறுக்கச் செய்யும், கடலூர் தேவனாம்பட்டினத்து மணலில் ஒரு துகள் ஸ்லைடுக்குள் புகுந்தாலும் அன்றைய வாசிப்பு முடிந்தது. துணி சுற்றிய டப்பாவில் கொண்டுபோய், வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கும்படி உள்ளங்கையில் தட்டி, ஈரம் வடியவிட்டு மூடுங்கள்.

ஒட்டும் ஸ்லைடுக்கு எண்ணெய் விடாதீர்கள். தையல் இயந்திர எண்ணெயை ஒருமுறை விட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டு நாள் வழுக்கிற்று, பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிட இறுகிற்று. வாய்ப்பகுதியின் இரண்டு திருகுகளைக் கழற்றி, ஸ்லைடையும் அதைச் சூழ்ந்த தகடுகளையும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, கழற்றிய அதே வரிசையில் மாட்டினால் போதும். மாட்டும்போது இரு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினாலும் ஸ்லைடு உரசும். சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்காமல் வாசிக்காதிருந்தால் இந்த வேலையே மாதக்கணக்கில் வராது.

அறிகுறி: அலங்காரம் சேர்த்தால் பாடல் குலைகிறது

ஒரே ஸ்வரம் இரண்டு முறை அடுத்தடுத்து வரும்போது, இரண்டாவதைப் பிரித்துக் காட்ட மேலுள்ள ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு வெட்டு கொடுப்பது ரீலின் இயல்பு. குரோமாட்டிக்கில் ஸ்லைடின் ஒரு சொடுக்கில் அது கிடைக்கும். நீங்கள் தொட்ட ஸ்வரத்தின் பெயரைக் கேட்பவரால் சொல்ல முடிந்தால் அது நீளம் என்று பொருள். பொத்தானை முழுவதும் அழுத்த வேண்டும், ஆனால் உடனே விட வேண்டும். பாதி அழுத்தினால் இரண்டு ரீடுகளும் சேர்ந்து முனகும். எஃப் ஷார்ப்பில் ஸ்லைடு ஏற்கெனவே உள்ளே இருப்பதால் அங்கே சொடுக்கி விடுவிக்க வேண்டும். கீழ் ஸ்வரம் தொட்டு மீளும். ஜண்டை வரிசையின் ஸ்புரிதம் பழகியவர்களுக்கு அந்த ஒன்று மட்டும் உடனே கைவரும். வெறும் பாடல் 100 அடி வேகத்தில் மூன்று சுற்று தடையின்றி வரும்வரை அலங்காரத்தை நான் சேர்க்கச் சொல்வதில்லை.

அறிகுறி: தனியாக வருகிறது, பிறரோடு வருவதில்லை

வீட்டில் வாசிக்கும்போது கடினமான இடத்தில் நாம் அறியாமலே மெதுவாகிவிடுகிறோம். கைப்பேசியில் பதிவு செய்து, அதன்மேல் தாளமானியை ஓடவிட்டுக் கேட்டால் இது தெரியும். அதற்கு மருந்து, பிறரோடு வாசிக்கும்போது எல்லா ஸ்வரங்களையும் வாசிக்க முயலாமல், தாளக்கட்டுக்கு இரண்டாக "த" விழும் ஸ்வரங்களை மட்டும் முதல் சுற்றில் வாசிப்பது. இரண்டாம் சுற்றில் நான்காக்கி, வந்த இடங்களில் எட்டையும் சேர்க்கலாம். தவறினால் திரும்பிப் போய்த் திருத்தாமல், அடுத்த "த" எங்கே விழுகிறதோ அங்கே சேர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் மாடிக் குழுவில் புதிதாக வருபவருக்கு முதல் மாதம் இந்த இரண்டு ஸ்வரங்கள் மட்டும்தான். ஒருவர் அதில் சலித்துப்போய், மூன்றாம் வாரமே எட்டையும் வாசித்துவிட்டார், நாங்களும் தடுக்கவில்லை.